சண்டிக்குதிரைக்குப் பணம் கட்டலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் இரண்டு நண்பர்களும் சீசன் நடக்கும்போது சேலத்திலிருந்து ரயிலேறிப் பெங்களூருக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போவது வழக்கம். சென்ற முறை பேடாக்கில் (பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் இடம்) கழுத்தெல்லாம் வியர்த்து, சைஸின் (குதிரைப் பராமரிப்பாளரின்) பிடியை உதறிக் குதித்துக்கொண்டிருந்த ஒரு குதிரையை, ‘இது தேறாது’ என்று விட்டுவிட்டோம். அது இரண்டு லெங்த் (குதிரை நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்த பந்தயத்தில் அதேபோல் வியர்த்த குதிரைக்குத் துணிந்து கட்டினோம். அது கடைசியில் வந்தது. இப்படிப்பட்ட குதிரைகளை எதை வைத்து எடைபோடுவது?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இரண்டும் வியர்த்தன என்பதை மட்டுமே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், அவை எப்போதுமே அப்படி வியர்ப்பவையா என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் நனைந்து நின்று, கேட் திறந்ததும் ஒழுங்காக ஓடும் குதிரைகள் உண்டு. மாறாக, எப்போதும் சாதுவாகச் சுற்றிவரும் குதிரை ஒரு நாள் நுரை தள்ள நின்றால், அதைக் கவனித்தே ஆக வேண்டும். ஆகவே ஒரு குதிரையை முதலில் அதன் பழைய நடத்தையோடு ஒப்பிட வேண்டும். ரேஸ் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு வரி குறித்துவைக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இது கைவராது. ஏனெனில் ஜெயித்த குதிரை பேடாக்கில் போட்ட ஆட்டத்தை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

வியர்வையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குதிரையின் வியர்வையில் லேத்தரின் என்னும் புரதம் இருப்பதால், சேணமும் வாரும் உரசும் இடங்களில் அது வெள்ளை நுரையாகத் திரள்கிறது. பார்க்கக் கலவரமாக இருந்தாலும், அந்த நுரையே கெட்ட அறிகுறி ஆகிவிடாது. ஊரையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் எந்தக் குதிரையும் வியர்க்கும். ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் கோடைப் பந்தயம் நடந்த ஆண்டுகளிலோ, மற்றவை உலர்ந்திருக்க ஒன்று மட்டும் நனைந்து நின்றால் அனுபவசாலிகள் அதன் பக்கமே போகமாட்டார்கள். பெங்களூரு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது என்பதால், அன்றைய வெயிலையும் கூடச் சுற்றும் மற்ற குதிரைகளையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கழுத்து ஈரத்தைவிடப் பின்னங்கால்களுக்கு இடையே வழியும் நுரையை நான் அதிகம் பொருட்படுத்துவேன். அத்துடன் காதுகள் பின்னோக்கி ஒட்டிக்கொண்டு, வால் ஓயாமல் அடித்து, கண்ணின் வெள்ளை தெரிந்தால் அந்தக் குதிரைக்கு அன்று கட்டமாட்டேன். காதுகளை முன்னே நிமிர்த்திக்கொண்டு துள்ளுவது வேறு. அது பெரும்பாலும் ஆரோக்கியத்தின் திமிர். பெட்டைக்குதிரையாக இருந்தால், சுமார் 21 நாட்களுக்கு ஒருமுறை வரும் பருவ காலமும் அதன் போக்கைக் கெடுக்கக்கூடும்.

பேடாக்கைவிட அதிகம் சொல்லித்தரும் இடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நம்மவர்கள் பந்தயப் பணம் வாங்கும் புக்கியின் முன்னால் வரிசையில் நிற்பார்கள். ஓடுதளத்தில் இறங்கி ஸ்டார்ட்டிங் கேட்டை நோக்கிக் குதிரை போகும் அந்தச் சில நிமிடங்களைத்தான் சொல்கிறேன். ஜாக்கி லகானைத் தளர்த்திப் பிடித்திருக்க, தலையைத் தாழ்த்தி இலகுவாக ஓடும் குதிரை, பேடாக்கில் எவ்வளவு ஆடியிருந்தாலும் அமைதியடைந்துவிட்டது என்று பொருள். ஜாக்கி அங்கவடியில் எழுந்து பின்னால் சாய்ந்து இழுக்க, குதிரை வாயைத் திறந்து தலையை வானத்துக்குத் தூக்கினால், பந்தயத்துக்காகச் சேமித்த தெம்பில் ஒரு பங்கை அது அங்கேயே செலவழிக்கிறது. இந்தச் செலவு 1,000 அல்லது 1,200 மீட்டரில் அவ்வளவாகத் தெரியாது, அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டிய தேவையே குறைவு. 2,000 மீட்டருக்கு மேல் அது கடைசி நேர்ப்பாதையில் வட்டியோடு வசூலாகும். முரட்டுக் குதிரை ஒன்று குறுந்தூரத்தில் ஜெயித்ததை நம்பி, அடுத்த மாதம் நெடுந்தூரத்தில் அதே நம்பிக்கையோடு பணம் கட்டுவது பலரும் செய்கிற காரியம்.

குதிரைக்கு மாட்டியிருக்கும் சாதனங்களையும் பாருங்கள். குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் முன்னும் நேர் பின்னும் தவிர ஏறக்குறைய எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். பின்னால் வருவதைக் கண்டு கவனம் சிதறும் குதிரைக்குத்தான் பிளிங்கர்ஸ் என்னும் கண்மறைப்பை மாட்டுகிறார்கள். முதன்முறை மாட்டும்போது சில குதிரைகள் திடீரெனச் சீராகின்றன. சில, அடைபட்ட உணர்வில் இன்னும் வெறித்து ஓடுகின்றன. ஏற்கெனவே முன்னால் பாய்ந்து ஓடித் தளரும் குதிரைக்குப் பிளிங்கர்ஸ் மாட்டினால் எனக்கு ஐயம்தான் வரும். காயடிக்கப்பட்ட பின் முதல்முறை ஓடும் குதிரைக்கும், பழைய பதிவை அப்படியே நம்பக் கூடாது. அதன் குணம் தணிந்திருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு, ஜெயித்தால் புக்கி எவ்வளவு தருவார் என்னும் விலைக்கு வாருங்கள், ஏனெனில் சண்டிக்குதிரைக்குப் பணம் கட்டலாமா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஒழுங்காக ஓடினால் 10 பந்தயத்தில் 4 ஜெயிக்கும் திறமை அதற்கு இருக்கிறது என்றும், 10 முறையில் 7 முறைதான் ஒழுங்காக ஓடும் என்றும் நீங்கள் மதிப்பிட்டால், உண்மையான வாய்ப்பு 100க்கு 28 மட்டுமே. அதாவது ஒன்றுக்கு இரண்டரைக்குச் சற்று மேல் (கட்டும் ஒரு ரூபாய்க்கு இரண்டரை ரூபாய்க்குச் சற்று மேல் லாபம்) கிடைத்தால்தான், வரியும் பிடித்தமும் சேர்க்காமலேயே, கணக்கு சமமாகும். ஒன்றுக்கு ஒன்றரை என்று புக்கி தரும்போது அதன் பின்னால் ஓடுபவர்கள் திறமைக்கு மட்டும் விலை கொடுக்கிறார்கள், முரட்டுத்தனத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. குதிரைப் பந்தயத்தைத் திறமை சார்ந்த விளையாட்டு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்ததைப் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். இந்தப் பெருக்கல் கணக்கைப் போடாதவர்கள் அதைச் சொல்லாமலிருப்பது நல்லது.

கேள்வி: எங்கள் தாத்தா ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால், உடம்பிலுள்ள முடிச்சுழி பார்த்தே குதிரையின் குணத்தைச் சொல்லிவிடுவார். பந்தயக் குதிரைக்கும் அது பொருந்துமா? தகப்பன் குதிரையின் குணம் குட்டிக்கு வருமா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: பந்தய உலகத்திலும் சுழியைப் பார்க்கிறார்கள், ஆனால் அடையாளத்துக்காக. சுழிகளின் இடமும் எண்ணிக்கையும் குதிரைக்குக் குதிரை மாறுவதால், வெள்ளைக் குறிகளோடு சேர்த்து அவற்றை அதன் அடையாளப் பத்திரத்தில் பதிவு செய்கிறார்கள். அதை வைத்துப் பணம் கட்டலாம் என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் தாத்தா சுழியைப் பார்க்கும் சாக்கில் குதிரையை நெருங்கித் தொட்டு, அது எப்படி நிற்கிறது என்பதையும் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன். அவருடைய தீர்ப்பில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

வம்சத்துக்கு ஓரளவு பங்கு உண்டு. முரட்டுத்தனத்துக்குப் பெயர்போன ஹாலோ என்னும் அமெரிக்கக் குதிரையின் மகன் சண்டே சைலன்ஸ். 1989இல் கென்டக்கி டெர்பியை ஜெயித்து, பிறகு ஜப்பானில் பெரும் வம்சத்தைத் தோற்றுவித்தது. அதன் மகன் ஸ்டே கோல்டு. அதன் மகன்கள் ஓர்ஃபெவ்ரும் கோல்டு ஷிப்பும். ஓர்ஃபெவ்ர் 2011இல் ஜப்பானின் மூன்று பெரும் கிளாசிக் பந்தயங்களையும் வென்றது; ஆனால் 2012 மார்ச்சில் ஹான்ஷின் பந்தயத்தின் நடுவே தடம் விலகி வெளியே போய், ஏறக்குறைய நின்றே விட்டு, மீண்டும் ஓடி இரண்டாவதாக வந்தது. அதே ஆண்டு பாரிஸில் ஆர்க் பந்தயத்தில் முன்னணிக்கு வந்தபின் உள்வேலியை நோக்கிச் சாய்ந்து, கழுத்தளவில் தோற்றது. இருந்தும் குணம் வரும் அதே வழியாகத் திறமையும் வருகிறது என்பதால், வம்சத்தைப் பார்த்து ஒரு குதிரையைத் தள்ளிவிடுவது வீண்.

கேள்வி: கேட்டுக்குள் நுழையாமல் அடம்பிடிக்கும் குதிரைக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?
– ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: கேட் திறப்பதற்கு முன்பே, பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் அதைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டால் பணம் திரும்பும், அப்போது மற்றக் குதிரைகளுக்குப் புக்கியிடம் முன்பே கட்டியவர்கள் ஜெயித்தால், அவர்களுக்குத் தரும் தொகையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்வது வழக்கம். கேட் திறந்த பிறகு குதிரை அசையாமல் நின்றாலும் அது ஓடியதாகவே கணக்கு. மேலே சொன்ன கோல்டு ஷிப், 2013லும் 2014லும் ஜெயித்த ஜப்பானின் டகராசுகா கினென் பந்தயத்தில் 2015இல் முன்னணி ஃபேவரிட்டாக இறங்கி, கேட் திறக்கும் நொடியில் முன்னங்கால்களைத் தூக்கி நின்றது. 16 குதிரைகளில் அது 15ஆவதாக வந்தது. அதை நம்பிக் கட்டப்பட்டிருந்த சுமார் 1,200 கோடி யென்னில் ஒரு காசும் திரும்பவில்லை. ஆகவே கேட்டில் தகராறு செய்ததாக பந்தயத்தை மேற்பார்வையிடும் ஸ்டூவர்டுகளின் அறிக்கையில் பெயர் வந்த குதிரைக்கு, அது ஸ்டார்ட் பரிசோதனையில் தேறி மறுபடி ஒருமுறை ஒழுங்காகக் கிளம்பியதைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.