காருக்குள் ஈரம்: பூச்சுக்கு முன் வழியைக் கண்டுபிடியுங்கள்

கேள்வி: என்னிடம் 2016ஆம் ஆண்டு வாகன் ஆர் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து முன் இடப்பக்கக் கால்மிதி ஈரமாகவே கிடக்கிறது. வெயில் அடித்த நாளிலும் காய்வதில்லை. புளித்த வாடையும் வருகிறது. கராஜில் காட்டியபோது, முன் கண்ணாடியைச் சுற்றி சிலிக்கன் பூசினால் சரியாகிவிடும் என்றார்கள். பூசச் சொல்லலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் பூசும் சிலிக்கனுக்குக் கொடுக்கும் காசு வீண். பிறகு கண்ணாடியை முறையாகக் கழற்றி ஒட்ட நேர்ந்தால், அந்தச் சிலிக்கனை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அது ஒட்டியிருக்கும் இடத்தில் கண்ணாடிக்குரிய பசை பிடிக்காது.

வெயில் நாளிலும் காயவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது முக்கியமான தடயம். மழையே இல்லாத நாளில் ஈரம் கூடுகிறதென்றால் முதலில் ஏசியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஏசி குளிரும்போது காற்றிலுள்ள ஈரம் நீராகி, ஒரு சிறு ரப்பர் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாயில் தூசியும் பாசியும் அடைத்துக்கொண்டால் நீர் திரும்பி இடப்பக்கக் கார்ப்பெட்டுக்குள் இறங்கிவிடும். சோதிப்பது எளிது. வண்டியைக் காய்ந்த தரையில் நிறுத்தி, ஏசியைப் போட்டு இருபது நிமிடம் ஓடவிடுங்கள். கல்முனைக் கடற்காற்றின் ஈரப்பதத்துக்கு அடியில் நன்றாகவே சொட்ட வேண்டும். தரை காய்ந்தே இருந்தால் குழாய் அடைத்திருக்கிறது என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். அதைச் சுத்தம் செய்வது சின்ன வேலை. ஆனால் கம்பியைக் குத்திவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். உள்ளேயிருக்கும் குளிரூட்டும் பகுதி ஓட்டையானால் செலவு பல மடங்காகும்.

ஈரத்தைத் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். ஏசி நீரும் மழை நீரும் விரலில் பிசுபிசுக்காது. பிசுபிசுத்து, இனிப்பான வாடை வந்து, கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் படலம் போல மங்கினால் அது ரேடியேட்டர் கூலன்ட். அப்படியென்றால் வண்டியை மேலும் ஓடவிடாமல் காட்டுங்கள். கூலன்ட் குறைந்தால் எஞ்சின் சூடேறும்.

ஏசி சரியாகச் சொட்டுகிறது, மழை பெய்தால் மட்டுமே உள்ளே நனைகிறது என்றால் அடுத்து வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைப் பாருங்கள். கண்ணாடியில் விழும் மழை நீர் அந்தப் பள்ளத்தில் சேர்ந்து, இரு ஓரத் துளைகள் வழியாக முன் சக்கரப் பக்கமாக வெளியேற வேண்டும். நமது பகுதியில் வண்டிகள் வேம்புக்கும் வாகைக்கும் கீழேதான் நிற்கின்றன. அந்தச் சிற்றிலைகள் சருகாகித் துளையை அடைத்துவிட்டால், தேங்கிய நீர் காற்று உள்ளே வரும் வாய் வழியாக இறங்கும். மூடியைக் கழற்றி, சருகை அள்ளி எடுத்து, ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். சக்கரத்தின் பின்னால் உடனே ஒழுகினால் வழி திறந்திருக்கிறது.

பலர் யோசிக்காத இடம் கதவு. கதவுக் கண்ணாடியின் ஓரமாக மழை நீர் கதவுக்குள் போவது இயல்பு. கதவின் அடியிலுள்ள துளைகள் அதற்காகவே வைக்கப்பட்டவை. உட்பக்கப் பலகைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் அந்த நீரை உங்கள் கால் பக்கம் வரவிடாமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாற்றியவரோ கண்ணாடி மோட்டார் பழுது பார்த்தவரோ அதைக் கிழித்துவிட்டு, திரும்ப ஒட்டாமல் மூடிவிடுவது உண்டு. அண்மையில் கதவைக் கழற்றிய வேலை ஏதும் நடந்ததா என்று நினைத்துப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் தண்ணீர்க் குழாயால் சோதியுங்கள். இரண்டு பேர் வேண்டும். உள்ளே இருப்பவர் டாஷ்போர்டுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, டோர்ச்சுடன் குனிந்திருக்கட்டும். வெளியே இருப்பவர் மெல்லிய ஓட்டத்தில் கதவின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நின்று மேலே ஏற வேண்டும். கூரையில் தொடங்கினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து எதுவும் புரியாது. கதவு ஓரத்து ரப்பர்ப் பட்டியான பீடிங் மீது முகப் பவுடரைத் தூவி மூடுங்கள். நீர் கடந்த இடத்தில் பவுடர் கரைந்து ஒரு கோடு தெரியும். சேர்விஸ் நிலையத்து அழுத்தக் குழாய் இதற்கு உதவாது, நல்ல பீடிங்கையும் அது தாண்டிவிடும். கண்ணாடி ஓரத்தில்தான் ஒழுகுகிறது என்று இப்படிக் கண்டுபிடித்த பிறகும் சிலிக்கன் வேண்டாம். கழற்றி, உரிய பசையால் மீண்டும் ஒட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக, தாமதிக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் வாகன் ஆர் எனே-சார்ஜ் வகையானால், அதன் சிறிய லித்தியம் பற்றரி முன் இடப்பக்க இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. ஈரம் அங்கே பரவ விடாதீர்கள். மேலே கார்ப்பெட் காய்ந்தது போலத் தோன்றினாலும் அடியிலுள்ள பஞ்சு நாட்கணக்கில் நீரைப் பிடித்துவைத்திருக்கும். வாடையும் துருவும் அங்கேதான் தொடங்குகின்றன. இருக்கையைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, பஞ்சை வெளியே எடுத்து வெயிலில் போடச் சொல்லுங்கள். வாசனைப் போத்தல் வாங்கி மாட்டுவது இதற்கு மருந்தல்ல.

கேள்வி: பாவித்த அக்குவா ஒன்றை வாங்கப் பேசியிருக்கிறோம். டிக்கியில் லேசான ஈரம் இருந்தது. வண்டி கழுவியதால் வந்தது என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: கழுவிய நீர் டிக்கிக்குள் வந்தாலும் அது ஒழுக்குத்தான் அம்மா, மழை நீரும் அதே வழியாக வரும். பின் விளக்கின் ரப்பர் வாஷர், டிக்கிக் கதவின் பீடிங், மேலேயுள்ள பிரேக் விளக்கு ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவுதான் என்றால் சிறு பழுது. விலையில் குறைத்துக் கேட்கலாம்.

எனக்குக் கவலை வேறு. அக்குவாவின் ஹைபிரிட் பற்றரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டியானால் அந்தப் பற்றரியும் வயரிங்கும் நனைந்திருக்கக்கூடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் பல பகுதிகளை மூழ்கடித்தது. அங்கே நனைந்த வண்டி இங்கே வந்து விற்கப்படாது என்று எப்படி நம்புவது? சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். கையால் எட்டும் பகுதியைத்தான் கழுவியிருப்பார்கள்; சுருளின் உட்பகுதியில் சேற்று நிறக் கோடு தெரிந்தால் வெள்ளம் ஏறிய வண்டி. இருக்கைத் தண்டவாளத் துரு, விளக்குக்குள் நீர்க்கறை, ஒரே இடத்தில் மட்டும் புதிதாக இருக்கும் கார்ப்பெட் ஆகியவையும் அதையே சொல்லும். அப்படி ஏதும் கண்டால் விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள். பின் இருக்கைக்கு அடியில் செம்மஞ்சள் நிற வயர்களைக் கண்டால் கை வைக்கவும் வேண்டாம்.

கேள்வி: ஒழுக்கு இல்லை என்று சொல்லி விற்றவர் இப்போது தொலைபேசியை எடுப்பதில்லை. எங்கே முறையிடலாம்?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: விற்றவர் வாகன வியாபாரி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் போகலாம், துரித இலக்கம் 1977. தொலைபேசியோடு நின்றுவிடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு எழுத்தில் சேர வேண்டும். விளம்பரத்தின் படம், குறுஞ்செய்திகள், பணம் கொடுத்த பற்றுச்சீட்டு, கராஜ் எழுதித் தந்த அறிக்கை ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். தனி ஒருவர் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால், உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபையை நாடுங்கள். பழுதைச் சரிசெய்வதற்கு முன் ஈரம் நிற்கும் இடத்தைத் திகதியுடன் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.