ஓதம் ஏறிய சுவர்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். வீட்டையும் குடும்பத்தையும் பற்றி நீங்கள் எழுதிவருவதைச் சில ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். கடிதம் எழுதுவது இதுவே முதல்முறை.

நான், கணவர், அத்தை, மகள், மகன் என்று ஐந்து பேர் ஒரு பழைய வீட்டில் இருக்கிறோம். கூடம்தான் எங்களுக்கு எல்லாமும். பிள்ளைகள் படிப்பதும், வருகிறவர்கள் உட்காருவதும், மாலையில் ஐவரும் தரையில் அமர்ந்து பிரார்த்தனை செய்வதும் அங்கேதான். கூடத்தின் ஒரு மூலையில் சுவரோடு பொருத்திய பழைய மரத்தட்டு ஒன்று இருக்கிறது; அதுவே எங்கள் வழிபாட்டு இடம். அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியில் காரை பொரிந்து உதிர்கிறது.

வீட்டை அழகுபடுத்துவதற்கென்று இந்த ஆண்டு ஒரு சிறு தொகை சேர்த்திருக்கிறோம். ஒரு மாத வீட்டுச் செலவில் பாதிகூட வராது. கடவுளுக்குச் செய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம், ஆகவே முதலில் தட்டை மாற்ற வேண்டும் என்கிறார் அத்தை. கூடம் முழுவதற்கும் பெயின்ட் அடித்தால்தான் செய்தது தெரியும் என்கிறார் கணவர். தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சுவர் நிறையப் பிள்ளைகள் வரைந்த படங்களை மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. எதை முதலில் செய்வது?

இன்னொன்றும் உண்டு. எளிமையாக வாழ வேண்டும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். கைபேசியில் அழகான வீடுகளின் படங்களைப் பார்த்து ஏங்கும்போதெல்லாம், நான் நம்புவதற்கு மாறாக ஏதோ செய்கிறேனோ என்று உறுத்துகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கடிதத்தை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் நீங்கள் மூவரும் ஒரே சுவரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பது எனக்குத் தெரிந்தது. அத்தையின் தட்டு பொருத்தியிருப்பதும் அதில்தான்; கணவர் பெயின்ட் அடித்தால் முதலில் பல்லைக் காட்டப்போவதும் அதுதான்; படங்களுக்கு நீங்கள் குறித்து வைத்திருப்பதும் அதுவே. ஆகவே யார் சொல்வது முதலில் என்ற பஞ்சாயத்தை ஒத்திவைத்துவிட்டு, சுவரிலிருந்து தொடங்குவோம்.

ஓதம் ஏறிய சுவரின்மேல் எந்த அலங்காரமும் நிற்காது. இதைப் பட்டறிந்து சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் இப்படியொரு சுவர் இருந்தது. விலை கூடிய பெயின்டாக வாங்கி அடித்தால் ஈரம் உள்ளேயே அடங்கிவிடும் என்று நம்பி, உதிர்ந்ததைச் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்து முடித்து, சில வாரங்கள் அதன் எதிரில் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மழைக்காலத்தை அது தாண்டவில்லை. முழங்கால் உயரத்தில் சிறு கொப்புளங்கள் எழுந்தன. என் மகன் ஒன்றை விரலால் அழுத்தினான். அது காய்ந்த சருகுபோல் நொறுங்க, உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி அவன் பாதத்தில் கொட்டியது. அந்தப் பொடி உப்பு. மண்ணிலும் செங்கல்லிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துச் சுவருக்குள் ஏற்றிக் கொண்டுவருகிறது; தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி வளர்கிறது; வளரும் படிகம் பெயின்டையும் காரையையும் பின்னாலிருந்து நெம்பித் தள்ளுகிறது. பெயின்டின் விலையை அது பார்ப்பதில்லை.

எனவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. ஒரு முழம் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளையோ அலுமினியத் தாளையோ பொரிந்த பகுதிக்குச் சற்று மேலே, காரை உறுதியாக இருக்கும் இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையை நோக்கிய பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டாவதானால், சன்னலைத் திறந்துவைப்பதும், சுவரை ஒட்டிக் கிடக்கும் பெட்டிகளையும் அலமாரியையும் ஒரு சாண் தள்ளி வைப்பதுமே பெரும்பாலும் போதும். முதலாவதானால் வெளியே போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டி மண் வீட்டுத் தரைமட்டத்துக்கு மேல் குவிந்திருக்கலாம். மழைநீர்க் குழாய் உடைந்து அடியில் கொட்டிக்கொண்டிருக்கலாம். உள்ளே ஓடும் தண்ணீர்க் குழாய் ஏதேனும் கசியலாம். மண்ணை அள்ளுவதும் குழாயை மாற்றுவதும் அலங்காரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உங்கள் தொகையின் முதல் பங்கு அதற்குத்தான் போக வேண்டும்.

கசிவை நிறுத்திய பிறகும் சுவர் உடனே காய்ந்துவிடாது. ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது கட்டட வேலை செய்பவர்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாதம் ஆகிவிடும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால், பழைய பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தப் பகுதிக்கு வெறும் சுண்ணாம்பு அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் சுவரின் மூச்சை அடைக்கும். சுண்ணாம்பு அடைக்காது, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடும். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உள்வாங்கிக் கல்லாக இறுகுகிறது. அதன் காரத்தன்மையால் பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. பெயின்டின்மேல் அடித்தால் மட்டும் ஒட்டாமல் உரிந்துவிடும். அடிக்கும்போது பிள்ளைகளை எட்ட நிறுத்துங்கள், நீங்களும் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி தெறித்தாலும் கண்ணைப் புண்ணாக்கும்.

இனி அத்தையின் தட்டு. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தட்டை மாற்ற வேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். ஈரச் சுவரில் பொருத்திய தட்டின் பின்புறம் உளுத்திருக்கக்கூடும், கழற்றித் திருப்பிப் பாருங்கள். மரம் உறுதியாக இருந்தால் அதையே புதுப்பிக்கலாம். முதலில் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும் போகக் கழுவிக் காயவையுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டு அடித்த பெயின்ட்தான் நகத்தால் கீறினாலே கையோடு வந்துவிடும். பிறகு 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, 220 எண்ணால் மெருகேற்றி, ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, ப்ரைமர் ஒரு கோட், பெயின்ட் மெல்லியதாக இரண்டு கோட் அடித்தால் போதும். பழைய மரத்தில் முன்பே பெயின்ட் இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தை 1978-இல்தான் தடைசெய்தார்கள். அதை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சந்தேகம் இருந்தால் தேய்க்காதீர்கள். அந்தத் தட்டை விட்டுவிட்டு ஒரு புதிய பலகையை வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டால் ஒட்டாத நிலைக்குப் பெயின்ட் சில மணி நேரத்தில் வந்துவிட்டாலும், முழுதாக இறுகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் கனமான எதையும் வைத்தால் அடியில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது பெயின்டையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

மறுபடி பொருத்தும்போது உயரத்தைக் கவனியுங்கள். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள், நானும் செய்தேன். படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வது நின்று பார்ப்பவர்களுக்கான அளவு. தரையில் அமர்ந்திருக்கும் பெரியவரின் கண்மட்டம் 75 சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும், பிள்ளைகளுக்கு இன்னும் தாழ்வு. நீங்கள் அமர்ந்து பிரார்த்திக்கிறவர்கள். ஆளுயரத்தில் தட்டைப் பொருத்திவிட்டு, சின்னவன் ஏன் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறான் என்று கடிந்துகொள்வதில் பொருளில்லை. பொருத்துவதற்கு முன் ஒரு மாலை ஐவரும் அவரவர் இடத்தில் உட்காருங்கள். கணவர் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் நகர்த்தட்டும். அத்தை போதும் என்று சொல்லும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். விளக்கோ மெழுகுவத்தியோ ஏற்றுகிறவர்களானால் அந்த இடத்துக்கு மேலேயும் பக்கத்திலும் திரைச்சீலையோ காகிதமோ வேண்டாம். சுடருக்குப் பின்னால் ஒரு ஓடு பதித்தால் கரியைத் துடைத்துவிடலாம்.

கணவரிடம் பெயின்ட் கணக்கைக் காட்டுங்கள். ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரை வரும். மூன்று மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் உயரமும் கொண்ட சுவர் 8.1 சதுர மீட்டர். இரண்டு கோட் அடிக்க 2 லிட்டருக்குள் முடிந்துவிடும். அதே அளவில் நான்கு சுவர் என்றால் நான்கு மடங்கு. இந்த ஆண்டு ஒரு நல்ல சுவருக்கு மட்டும் அடித்துவிட்டு, தட்டை அதற்கு மாற்றுங்கள். மீதி அடுத்த ஆண்டுக்கு. நிறத்தைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் நீங்கள் முன்பே பொறுக்கிவைத்த மூன்றிலிருந்து.

ஒரே நாளில் பலன் தெரிய வேண்டும் என்று அவர் விரும்பினால் அதற்குப் பெயின்ட் தேவையில்லை, பல்பு போதும். பெரும்பாலான கூடங்களில் 6500 கெல்வின் என்று அச்சிட்ட நீலம் பாரித்த வெள்ளை பல்பு ஒன்று உச்சியில் எரிந்துகொண்டிருக்கும். அதன் கீழ் எந்த வீடும் அலுவலகம்போலத்தான் தெரியும். இளமஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பு ஒன்றை வழிபாட்டு மூலையில் தாழ்வாகப் பொருத்தி, பிரார்த்தனை நேரத்தில் உச்சி விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான், யாரும் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் படங்களுக்குச் சட்டம் போடாதீர்கள். பிள்ளைகள் வரைவது நிற்காது, சட்டங்கள் நின்றுவிடும். காய்ந்த சுவரில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, துணிக்குப் போடும் கிளிப்புகளை மாட்டிவிட்டால், வாரந்தோறும் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். நேர்வெயில் படும் சுவராக மட்டும் இருக்க வேண்டாம். ஸ்கெட்ச் பேனா வண்ணம் சில மாதங்களிலேயே வெளுத்துவிடும்.

உறுத்தலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் சமயம் எதுவென்று நீங்கள் சொல்லவில்லை, நானும் சமயம் போதிக்கத் தகுதியுடையவள் அல்ல. ஆனாலும் எளிமையும் அழகும் பகையாளிகள் என்பதை நான் ஏற்பதில்லை. ஷேக்கர்கள் என்ற சிறு கிறித்தவப் பிரிவினர் 1774-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போய்க் குடியேறினார்கள். வெற்று அலங்காரத்தைப் பாவத்துக்கு அடுத்தபடியாக வைத்தவர்கள். அவர்களுடைய அறைகளில் சுவரைச் சுற்றிலும் ஒரு மரச்சட்டம் ஓடும். அதில் வரிசையாக மர முளைகள் இருக்கும். தொப்பி, மேலங்கி, கடிகாரம் மட்டுமல்லாமல் நாற்காலிகளையும் அதில் மாட்டிவிட்டுத் தரையைக் கூட்டினார்கள். பெருக்க வசதியாக இருக்கட்டும் என்று அவர்கள் செய்துவைத்தவற்றை இன்று அருங்காட்சியகங்களில் வைத்துப் பார்க்கிறோம். (அவர்கள் மணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவர்கள், ஆகவே ஐந்து பேர் புழங்கும் கூடத்தை அவர்களுடைய அறையோடு ஒப்பிடுவது நமக்கு நியாயமில்லைதான்.) பொருளை ஒழுங்காகச் செய்வதையும் இடத்தைத் துப்புரவாக வைப்பதையும் அவர்கள் வழிபாட்டிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கைபேசிப் படங்களில் ஏங்குவதற்கு இருப்பது வேறொன்று. படம் எடுக்கும் அந்த நேரத்தில் அந்த அறையில் யாரும் படிக்கவில்லை, யாரும் பிரார்த்திக்கவில்லை, யாருடைய பையும் தரையில் கிடக்கவில்லை. உங்கள் கூடம் ஒரே நாளில் மூன்று வேலை செய்கிறது. அந்த மூன்றுக்கும் இடைஞ்சலாக இருப்பது எது என்று பார்த்து அதை நீக்குவதற்குச் செலவிட்டால் அதில் உறுத்த ஒன்றுமில்லை. வருகிறவர் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் செலவிட்டால் கொஞ்சம் உறுத்தட்டுமே. வழிபாட்டு மூலையிலும் இதே அளவுகோல்தான். ஐந்து பேர் நெருக்கமில்லாமல் உட்காரத் தரை காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், தட்டு புதிதா பழையதா என்பது பிறகு.

அத்தையிடம் பெட்டியில் மடித்து வைத்த நல்ல துணி ஏதாவது கட்டாயம் இருக்கும். தட்டின்மேல் விரிக்க அதைக் கேளுங்கள். கடையில் வாங்கியதை அவர் ஏற்றுக்கொள்வார், தான் கொடுத்ததை வாரந்தோறும் துவைத்து விரிப்பார்.

பிளாஸ்டிக் தாளை இன்றே ஒட்டிவிடுங்கள். எந்தப் பக்கம் நனைந்திருந்தது என்று எழுதினால், சுண்ணாம்பா பெயின்டா என்பதை முடிவு செய்துகொள்ளலாம்.

அன்புடன்.