மாசமா இருக்கும்போது சர்க்கரை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கேள்வி: எனக்கு ஏழாம் மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 158 வந்தது. அன்றிலிருந்து சோற்றைக் கண்ணில் காட்டுவதில்லை, மூன்று வேளையும் களிதான். அப்படியும் குறையவில்லை, நடுவில் ஒன்றும் தராததால் பசியிலேயே கிடக்கிறேன். "எங்க பக்கம் யாருக்கும் இந்த நோய் இல்ல, உங்க வீட்டுல இனிப்பா தின்னு வளர்ந்துட்டு வந்திருக்கா" என்கிறார் மாமியார். அடுத்த மாதம் வளைகாப்பு, நினைத்தாலே அழுகை வருகிறது.
(பெயர் வேண்டாம், பாலக்கோடு)

பதில்: முதலில் அந்தப் பேச்சை முடித்துவிடலாம் அம்மா. மிட்டாய் தின்றதால் வந்ததல்ல இது. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, அது எல்லாக் கர்ப்பிணிக்கும் நடப்பதுதான், சிலருடைய கணையம் அதற்கு ஈடுகொடுத்துக் கூடுதலாகச் சுரக்கிறது, சிலருடையது திணறுகிறது, அவ்வளவுதான். உங்களைச் சந்தேகப்பட்டும் அந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை, நம் மாநிலத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வதுதான். 140-ம் அதற்கு மேலும் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு.

அடுத்தது களி. நம் பக்கத்தில் களி மேல் இருக்கும் நம்பிக்கையைக் குறை சொல்லவில்லை, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு அது நல்லதுதான். ஆனால் அதே 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது, அரிசியில் 78. பெரிய வித்தியாசமா இது? இரண்டு பெரிய உருண்டையைக் குழம்பில் தொட்டு விழுங்கினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும், கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். ஒரு சின்ன உருண்டை போதும், தட்டின் மீதியைக் கீரைக் கடைசல், அவரைக்காய்ப் பொரியல், கொள்ளுப் பருப்பு, முட்டை என்று நிரப்புங்கள். அளவாகச் சோறும் சாப்பிடலாம், சாமைச் சோறும் சாப்பிடலாம்.

பட்டினி கிடப்பதுதான் எனக்குக் கவலை. சர்க்கரை குறையட்டும் என்று பசியோடு இருந்தால் உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருளை உண்டாக்கும், அது குழந்தைக்கு நல்லதில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் சுண்டலோ வேகவைத்த வேர்க்கடலையோ மோரோ, படுக்கும் முன் கொஞ்சம் பால், இப்படிப் பிரித்துச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டதும் வாசலில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் நல்ல பலன் உண்டு, மருத்துவர் நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர. வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும். இரண்டு வாரம் இப்படிச் சாப்பிட்டும் இறங்கவில்லை என்றால் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள், அப்படித் தந்தால் அது நீங்கள் தோற்றதாக ஆகாது.

வளைகாப்பை ஏன் நிறுத்த வேண்டும்? வளையல் போட்டுக்கொள்ளுங்கள், சந்தனம் பூசிக்கொள்ளுங்கள், ஏழு வகைச் சாதத்தில் பிடித்த இரண்டை மட்டும் இரண்டிரண்டு கரண்டி வைத்துக்கொண்டு, தட்டு வரிசையில் ஒரு தட்டுக்குச் சுண்டல் கொண்டுவரச் சொல்லி உங்கள் அம்மாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் கூட்டிப்போங்கள். மருமகள் சொன்னால் ஏறாதது நர்சம்மா சொன்னால் ஏறும், நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறைதான் ஊருக்குப் போகிறேன். மனைவிக்கு இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். போட ஆரம்பித்தால் ஆயுசுக்கும் போடணும், குழந்தைக்கும் ஆகாது என்கிறார்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் வேறு இல்லை.
(ஊத்தங்கரை வாசகர்)

பதில்: ஊசியில் போகும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை. தாண்டிப் போவது சர்க்கரைதான், அதனால்தான் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடுகிறது, பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடுவதும் உண்டு. பிரசவம் ஆனதும் பெரும்பாலானவர்களுக்கு இன்சுலினை நிறுத்திவிடுவார்கள். திறந்து பயன்படுத்தும் மருந்தை ஒரு மாதம்வரை வெளியில் வைக்கலாம், ஆனால் ஊத்தங்கரை வெயிலுக்குத் தகர அலமாரி ஆகாது. பாலித்தீன் பையில் போட்டு, ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வையுங்கள். திறக்காததைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் மட்டும் கூடாது. கை நடுங்கி, வியர்த்து, படபடப்பாக வந்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று அர்த்தம், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கணும்.

அப்புறம் ஒன்று. போன் போட்டால் முதலில் "சுகர் எவ்வளவு?" என்று கேட்கிறீர்களா? அதை விடுங்கள். தினம் விரலில் குத்திக்கொள்கிறவருக்கு அந்தக் கேள்வி பரீட்சை மார்க் கேட்பதுபோல இருக்கும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள், நம்பரை அவரே சொல்வார்.

கேள்வி: மாம்பழ சீசனில் போய்ச் சர்க்கரை வந்திருக்கிறது. தொடவே கூடாதா?
(காவேரிப்பட்டணம்)

பதில்: காவேரிப்பட்டணத்தில் இருந்துகொண்டு மோந்து பார்த்தால் போதும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அளவு கட்டுக்குள் இருந்தால் சின்னதாக இரண்டு துண்டு, சாப்பாட்டோடு சேர்க்காமல் தனியாக, நாலு வேர்க்கடலையோடு. ஜூஸ், மாம்பழக் கூழ் (பல்ப்) வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பிள்ளை பிறந்து நாலு மாதம். ஆஸ்பத்திரியிலேயே சர்க்கரை நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். ஆறாவது வாரம் வரச் சொன்னார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.
(அரூர்)

பதில்: இப்போது போங்கள். அதே 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனைதான். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம், அதனால் இப்போது சரியாக இருந்தாலும் வருடம் ஒருமுறை பார்க்கணும், அடுத்த பிள்ளைக்குத் திட்டமிடும்போதும் முதலிலேயே பார்க்கணும். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளில் உங்களுக்கும் பார்க்க முடியுமா என்று நர்சம்மாவிடம் கேளுங்கள், ஒரே பஸ் செலவு.