வீட்டில் வடித்த விஸ்கியில் புகையூட்டிய ஓக் துண்டு போட்டால் கசப்பும் சாம்பல் வாடையும் வருவது ஏன்?

மரத்தை அதிகமாகப் போட்டிருப்பீர்கள், அல்லது வாட்டாமலே புகையில் வைத்திருப்பீர்கள். (நியூசிலாந்தில் 1996 முதல் சொந்தப் பயனுக்கு வீட்டில் வடிக்கலாம், இந்தியாவில் உரிமமின்றி வடிப்பது குற்றம்.)

வெள்ளை ஓக் எடுங்கள். பைன் வேண்டவே வேண்டாம், பிசின் இறங்கிவிடும். விரல் கனத் துண்டுகளை அலுமினியத் தாளில் சுற்றி, ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வாட்டுங்கள். வனிலா மணமும் இனிப்பும் இங்கேதான் பிறக்கின்றன, புகை அவற்றைத் தராது. ஒரு துண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வரை பழுப்பேறியிருக்க வேண்டும்.

அடுத்து, செர்ரி அல்லது ஹிக்கரி மரப் புகையில் சூடேறாமல் 2, 3 மணி நேரம் வையுங்கள். புகை மெலிந்து நீலம் பூத்தாற்போல் வரட்டும். அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் காற்று போதவில்லை என்று பொருள். அப்போது படியும் தார்தான் உங்கள் சாம்பல் வாடை.

சாராயத்தை ஆல்கஹால் 55 முதல் 60 சதவீதம் இருக்கும்படி நீர்த்து, கண்ணாடி ஜாடியில் லிட்டருக்கு 5 கிராம் மரத்துண்டு போட்டுத் தொடங்குங்கள். பிளாஸ்டிக் ஆகாது. வாரம் ஒருமுறை, அருகில் தீ இல்லாத இடத்தில், மூடியைத் திறந்து காற்றுப் படவிடுங்கள். ஒரு கரண்டி எடுத்து சம அளவு தண்ணீர் கலந்து சுவையுங்கள். நாக்கில் துவர்ப்பு தட்டத் தொடங்கியதுமே மரத்தை வெளியே எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே கசந்துவிட்டதா? காத்திருந்து பயனில்லை, மரம் படாத சாராயத்தைச் சிறிது சிறிதாகக் கலந்து சரிசெய்யுங்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியின் மருந்து போன்ற புகைமணம் வேண்டுமானால் மரம் உதவாது. அது பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய தாவர மண்) புகையில் உலர்த்திய பார்லி மால்ட்டிலிருந்து, அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து வருவது.