வாசகர் கேள்வி-பதில்: கடலுக்குள் இறங்கும்போது எந்த சன்ஸ்கிரீன்?

ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டி மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) செய்ய ஆசை. சன்ஸ்கிரீன் பவளப்பாறைகளைக் கெடுக்கும் என்கிறார்கள். 'ரீஃப் சேஃப்' (பவளப்பாறைக்குத் தீங்கில்லை) என்று போட்டிருப்பதை வாங்கினால் போதுமா?
– வாசகி, மதுரை

போதாது. அந்த வாசகத்துக்குச் சட்டப்படியான வரையறை கிடையாது. டியூபைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைப் படியுங்கள். தவிர்க்க வேண்டிய ரசாயனங்கள் முக்கியமாக இரண்டு: ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட். முதலாவது 'பென்சோபீனோன்-3' என்றும், இரண்டாவது 'எத்தில்ஹெக்ஸில் மெத்தாக்ஸிசின்னமேட்' என்றும் மாறுவேடத்தில் இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இந்த இரண்டும் உள்ள சன்ஸ்கிரீனை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்க 2021 ஜனவரி 1 முதல் ஹவாயில் தடை. தாய்லாந்தும் அதே ஆண்டில் தன் கடல்சார் தேசியப் பூங்காக்களில் இவற்றைத் தடை செய்தது. பசிபிக் தீவு நாடான பலாவ் 2020லேயே முந்திக்கொண்டது. அதன் தடைப் பட்டியலில் ஆக்டோகிரைலின் என்ற ரசாயனமும் உண்டு.

மாற்று, துத்தநாக ஆக்ஸைடு என்கிற ஜிங்க் ஆக்ஸைடு. 'நான்-நானோ' (மிக நுண்ணிய துகள் அல்லாதது) என்று குறித்திருந்தால் நல்லது. அதற்காக ஜிங்க் கடலுக்குப் பரமசாது என்று நினைத்துவிட வேண்டாம். அளவு கூடினால் அதுவும் பவள உயிரிகளுக்கு நஞ்சே. பவளம் பெருமளவில் வெளுப்பதற்கு முதற்காரணம் கடல் சூடாவதுதான், கிரீம் அல்ல. ஆனால் ஆழமில்லாத விரிகுடாவில் தினமும் கூட்டம் இறங்கும் இடத்தில் கரைவதெல்லாம் அங்கேயே தேங்கும். எனவே எந்தக் கிரீம் என்று யோசிப்பதற்கு முன், எவ்வளவு குறைக்கலாம் என்று பாருங்கள்.

பெரியவர் ஒருவருக்கு உடல் முழுக்கப் பூச சுமார் 30 மி.லி. வேண்டும். கணவன் மனைவி இருவரும் இரண்டு முறை பூசினாலே 120 மி.லி.; 50 மி.லி. டியூப் இரண்டு வாங்கினாலும் பற்றாது. முழுக்கை ரேஷ் கார்டும் (நீரில் அணியும் ஒட்டிய மேல்சட்டை) கணுக்கால் வரை லெக்கிங்ஸும் போட்டால் முகம், காது, கழுத்து, புறங்கை, பாதம் மட்டுமே மிச்சம். கிரீம் கால்வாசிகூட ஆகாது. குப்புற மிதக்கும்போது முதலில் கருகுவது முதுகும் முழங்காலின் பின்புறமும். துணி அந்த இடங்களையும் காக்கும். யு.பி.எஃப். என்பது துணியின் வெயில் தடுப்பு எண்; யு.பி.எஃப். 50 துணி புற ஊதாக்கதிரில் 2 சதவீதத்தைத்தான் உள்ளே விடும். வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டுக்கு அந்த மதிப்பு சுமார் 7, நனைந்தால் 3. அதை நம்பி இறங்காதீர்கள்.

இன்னொன்று: அந்தமானிலும் நம் கடிகாரம்தான், ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருக்கின்றன. ஜனவரியில் சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டேகால் வாக்கில், ஹேவ்லாக்கில் பதினொன்றரைக்கே. பத்து மணிக்குப் போகலாம் என்று சோம்பினால் கடும் வெயிலில் மாட்டுவீர்கள். காலை ஏழு மணிப் படகைக் கேளுங்கள்.

ஜிங்க் கிரீம் பூசினால் முகம் சாம்பல் பூசியதுபோல் ஆகிறது. கன்னத்தில் மங்கு வேறு இருக்கிறது. என்ன செய்ய?
– வாசகி, திருநெல்வேலி

நிறம் கலந்த, அதாவது 'டின்டட்' ஜிங்க் கிரீம் வாங்குங்கள். அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடு சாம்பல் பூச்சை மறைக்கும். அதைவிடப் பெரிய லாபம், கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுப்பது. மங்கைக் கூட்டுவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு, சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. வெள்ளை தெரிகிறதே என்று மெல்லியதாக இழுத்துப் பூசுவதுதான் பெரிய தவறு. பாதி அளவு பூசினால் எஸ்.பி.எஃப். 50 என்ற வெயில் தடுப்பு எண்ணுக்கு அர்த்தமில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் நீளத்துக்கு இரண்டு கோடு பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு தடவையாகப் பூசுங்கள். எஸ்.பி.எஃப். 30 போதும்: அது தோலைக் கருக்கும் யு.வி.பி. என்ற புற ஊதாக்கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 தடுப்பது 98.

பூசிக் கால்மணி நேரம் உலரவிட்டு நீரில் இறங்குங்கள். உடனே குதித்தால் பாதி கடலுக்குத்தான். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்றால் நீரில் 40 அல்லது 80 நிமிடம் தாங்கும். எது என்று டியூபிலேயே பாருங்கள்.

ஐந்து மாதக் குழந்தைக்கு என்ன பூசலாம்?
– வாசகர், திருச்சி

எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை நிழல், முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி மட்டும். அதன் பிறகு வாசனை சேர்க்காத ஜிங்க் கிரீம்.

ஸ்பிரே சுலபமாக இருக்கிறதே? தேங்காய் எண்ணெய் போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

கடற்கரைக் காற்றில் ஸ்பிரேயின் பெரும்பகுதி மணலுக்குப் போகும், கொஞ்சம் உங்கள் நுரையீரலுக்கும். தேங்காய் எண்ணெய் தோல் வறளாமல் காக்கும். வெயிலைத் தடுக்கும் அளவுக்கு அதற்குத் திறன் இல்லை. குளித்து முடித்தபின் பூசிக்கொள்ளுங்கள்.