பச்சோந்திக் குட்டியை வீட்டில் ஆரோக்கியமாக வளர்ப்பது எப்படி? கையில் பழக்கலாமா?

கேள்வியின் இரண்டாவது பாதிதான் என்னை எழுத வைத்தது. அதனால் முதலில் அதற்கே பதில்: பழக்காதீர்கள். முதல் சில மாதங்கள் கையில் எடுக்கவே எடுக்காதீர்கள். கூண்டைச் சுத்தம் செய்ய இடம் மாற்ற வேண்டுமானால் ஒரு குச்சியை அதன் முன்னால் நீட்டிவிட்டுக் காத்திருங்கள், அதுவாக ஏறிக்கொள்ளும். பச்சோந்தி பார்ப்பதற்காக வளர்க்கிற பிராணி. தூக்கிக் கொஞ்சத்தான் ஆசை என்றால் முயல் வளர்க்கலாம்.

எடுத்த எடுப்பில் மிரட்டுகிறானே என்று நினைக்காதீர்கள். நீங்கள் இந்நேரம் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கியிருப்பீர்கள். உள்ளே அழகாக ஒரு தண்ணீர்க் கிண்ணம் இருக்கும். குட்டி நாக்கை நீட்டிப் பூச்சி பிடிப்பதை வீடியோ எடுக்க போனும் தயாராக இருக்கும். எப்படித் தெரியும் என்றால், நான் செய்தது அச்சு அசல் அதுதான்.

என்னுடையது தலையில் கூரான கொண்டை வளரும் வகை. ஏமனும் சவுதி அரேபியாவும் அதன் பூர்வீகம். வந்தபோது இரண்டு மாதக் குட்டி, வாலைச் சுருட்டிக்கொண்டால் என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். பின்னங்காலின் குதியில் சின்ன முள் போல ஒரு துருத்தல் இருந்தது. இந்த வகையில் அது இருந்தால் ஆண், முட்டையை விட்டு வரும்போதே தெரியும். ஆண் என்று சொல்லியும் கேட்காமல் என் மகள் 'குண்டுமணி' என்று பெயர் வைத்துவிட்டாள். அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியா?" இது ஓணான் இல்லை என்று நான் விளக்கப் போனதெல்லாம் வீண்.

தொட்டியோடு ஒரு விளக்கும் தந்தார்கள். "சூடு வருது, வெளிச்சம் வருது, வேற என்ன வேணும்?" என்றார் விற்றவர். வேறு ஒன்று வேண்டும் என்று ஒரு மாதம் கழித்துதான் தெரிந்தது. சூட்டு பல்பில் புற ஊதா பி (யூவிபி) கதிர் கிடையாது. அந்தக் கதிர் பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. சரி என்று ஓடிப்போய் யூவிபி குழல் விளக்கு வாங்கினேன். வாங்கியதை எங்கே வைத்தேன்? கண்ணாடி மூடியின் மேல். சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைக் கிட்டத்தட்ட முழுதாகத் தடுத்துவிடும். இன்னும் மூன்று வாரம் அந்த விளக்கு யாருக்கும் பயனில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் காலை பழ ஈ போட்டேன். குண்டுமணி ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் ஈயையும் பார்த்தான். பிறகு இரண்டு கண்ணும் ஈயின் மேல் குவிந்தன. வாய் லேசாகத் திறந்து நாக்கு நுனி வெளியே வந்தது. வழக்கமாக அடுத்த நொடி ஈ இருக்காது. அன்று நாக்கு பாதி தூரம் போய்ப் பொத்தென்று தொங்கியது. அதை உள்ளே இழுக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்கும் சாப்பாடு இறங்கியிருக்காது. அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். முன்னங்கால்கள் உடம்பைத் தூக்காமல், தண்டால் எடுக்கும்போது பாதியில் நின்றவன் மாதிரி பக்கவாட்டில் வளைந்திருந்தன. எத்தனை நாளாக இப்படி என்றால், தெரியாது. கையில் வைத்து வைத்துப் படம் எடுத்தேனே தவிர, கிளையில் எப்படி நிற்கிறான் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் போனோம். தாடையை விரல் நுனியால் அழுத்திக் காட்டினார், ரப்பர் மாதிரி உள்ளே போனது. கால்சியம் குறைவால் வரும் எலும்பு நோய். திரவ கால்சியம் எழுதிக் கொடுத்தார். அளவை இங்கே சொல்ல மாட்டேன், தயவுசெய்து கேட்காதீர்கள், ஒவ்வொரு குட்டிக்கும் எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தாடை கெட்டிப்பட்டுவிட்டது. வலது முன்னங்கால் மட்டும் நிமிரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் "பிறவியிலேயே அப்படி" என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இங்கேதான் முதல்முறையாக உண்மையை எழுதுகிறேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். குழல் வடிவ யூவிபி விளக்கு, அதற்கும் குட்டிக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ கூடாது. கம்பி வலைகூட கொஞ்சம் குறைக்கும், அதையும் கணக்கில் வைத்து உச்சிக் கிளையின் உயரத்தை முடிவு செய்யுங்கள். விளக்கு எரிகிறது என்பதற்காகக் கதிர் வருகிறது என்று அர்த்தமில்லை, ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள். குளிர்காயும் கிளையில் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ் போதும். பெரிய பச்சோந்திக்கு வைக்கிற சூட்டை வைத்தால் இந்தப் பொடிசு சீக்கிரமே வறண்டுவிடும். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிடுங்கள், அதற்கு இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும்.

தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். தேங்கிக் கிடக்கிற தண்ணீரைப் பெரும்பாலும் அதற்கு அடையாளம் தெரியாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். காலையும் இரவும் இலைகள் மேல் புகை மாதிரித் தெளியுங்கள், நடுவில் இலை காயட்டும். எந்நேரமும் ஈரமாகவே இருந்தால் நுரையீரலில் தொற்று வரும். தண்ணீர் போதுகிறதா என்பதை அதன் கழிவு சொல்லிவிடும். கரும்பழுப்பு மலத்தோடு சேர்ந்து வரும் கெட்டியான சிறுநீர்ப் பகுதி வெள்ளையாக இருந்தால் நிம்மதி, ஆரஞ்சாக இருந்தால் தாகம். தினமும் கழிவைக் குனிந்து பார்க்கிறவன் என்று என்னை வீட்டில் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

சாப்பாடு குட்டிக்கு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. பறக்காத பழ ஈ, பொடி கிரிக்கெட் பூச்சி. பூச்சியின் அளவு குட்டியின் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. பூச்சிக்கும் முதல் நாளே கீரை, கேரட் என்று நல்ல தீனி போடுங்கள், அது தின்றதுதான் கடைசியில் குட்டியின் வயிற்றுக்குப் போகிறது. டி3 சேராத வெறும் கால்சியம் பொடியை அநேகமாக ஒவ்வொரு வேளையும் லேசாகத் தூவுங்கள். டி3 சேர்ந்ததும் மல்டிவைட்டமினும் மாதம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், அதிகமானாலும் கெடுதல். தின்னாமல் விட்ட கிரிக்கெட் பூச்சியை ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள், தூங்குகிற குட்டியைக் கடிக்கும். மின்மினியை மட்டும் எந்தக் காலத்திலும் காட்டாதீர்கள், அது விஷம்.

ஜோடியாக வாங்கினால் துணையாக இருக்குமே என்பார்கள். இருக்காது. அண்ணன் தம்பியே ஆனாலும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தாலே பலவீனமானது சாப்பாட்டை நிறுத்திவிடும். ஒரு கூண்டுக்கு ஒன்று, நிறையச் செடி, ஒளிந்துகொள்ள இலை மறைவு. மணி பிளான்ட், செம்பருத்தி இரண்டையும் வழக்கமாக வைப்பார்கள்.

"காட்டில் இருக்க வேண்டியதைக் கூண்டில் அடைத்துவிட்டு உபதேசம் வேறா?" என்று யாராவது வருவீர்கள், தெரியும். நான் சொல்வது கூண்டில் பிறந்த குட்டிகளைப் பற்றி. காட்டிலோ தோட்டத்திலோ பிடித்ததை வளர்க்காதீர்கள், பல நாடுகளில் அது குற்றம். என் வகை உட்பட பெரும்பாலான பச்சோந்திகளின் வணிகத்தை சைட்டிஸ் என்ற சர்வதேச வனவிலங்கு வணிக ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக அடக்கி வைத்திருக்கிறேன். கட்சி மாறுகிறவனையெல்லாம் பச்சோந்தி என்று எழுதுகிறார்களே, எதற்கு? அது இலை மேல் உட்கார்ந்தால் பச்சை, மண் மேல் உட்கார்ந்தால் பழுப்பு என்று மாறுகிற பிராணியே இல்லை. குளிர், கோபம், பயம், எதிரில் நிற்கும் இன்னொரு ஆண், இவற்றுக்குத்தான் முக்கியமாக மாறுகிறது. தோல் செல்களில் அடுக்கியிருக்கும் நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனசில் இருப்பதை அப்படியே தோலில் போட்டுக் காட்டுகிற ஜீவன் அது. எங்கள் வீட்டுப் பாகப் பிரிவினையில் பெரியப்பா மகன் எல்லார் முன்னாலும் "இவன் பச்சோந்தி வளர்த்து வளர்த்து பச்சோந்தியாவே ஆயிட்டான்" என்றான். மூன்று பேரிடம் மூன்று கணக்குச் சொன்னவன் அவன். அன்று வாயடைத்துப் போய் நின்றேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் பதில் தோன்றியது.

போகட்டும். குண்டுமணிக்கு இப்போது நாலு வயது. அந்த வளைந்த காலைக் கிளையில் ஊன்ற முடியாததால் மணிக்கட்டைக் கொக்கி மாதிரி மாட்டி, வாலால் ஒரு சுற்றுப் போட்டுக்கொண்டு ஏறுவான். மேலே போய்ச் சேர மற்ற பச்சோந்தியைவிட இரண்டு மடங்கு நேரமாகும். அவனுக்காக உச்சிக் கிளைக்குப் போகும் வழியில் பட்டை சொரசொரப்பான குச்சிகளாகப் பார்த்துக் கட்டியிருக்கிறேன்.

உங்கள் குட்டி பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறதா? அதை மட்டும் முதலில் பாருங்கள். ஆமாம் என்றால் இதற்குக் கீழே கேள்வி கேட்டுக்கொண்டு உட்காராதீர்கள், இன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.