கார்பன் குறைந்தால் மூச்சு லேசாகுமா? – வாசகர் கேள்வி பதில்

மெரிபேங்க் (டர்பன்) வாசகர்: கார்பன் வரிக்குப் பயந்து ஆலைகள் கார்பனைக் குறைத்தால் எங்கள் பகுதிக் காற்றும் சுத்தமாகுமா?

எப்படிக் குறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கார்பன் என்று வரி போடுவது கரியமில வாயுவுக்கு; வெளிக்காற்றில் உள்ள அளவுக்கு அது நெஞ்சை உறுத்தாது. இருமலையும் இழுப்பையும் கிளப்புவது அதே புகைபோக்கியில் கூடவே வரும் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள். நிலக்கரி எரிப்பதையே நிறுத்தினால் எல்லாம் சேர்ந்து குறையும். கொதிகலனை இயற்கை எரிவாயுவுக்கு மாற்றினால் கந்தகமும் துகளும் பெரும்பாலும் போய்விடும். நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் மிஞ்சும். சுடரின் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து அது உண்டாவதால், அதற்கென்று தனி பர்னர் போட வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் 2019 ஜூன் 1-இல் டன்னுக்கு 120 ராண்டில் தொடங்கிய இந்த வரி, ஒரு வரம்புக்குள் கார்பன் கிரெடிட் (வேறொரு திட்டம் குறைத்த கார்பனுக்கான சான்று) வாங்கிக் கழித்துக்கொள்ளவும் விடுகிறது. வேறெங்கோ நடக்கும் திட்டத்தின் கிரெடிட்டை வாங்கிய ஆலையின் புகை மெரிபேங்கில் இம்மியும் குறையாது. தலைகீழாகவும் நடக்கும்: கந்தகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் கரைசல் தெளிக்கும் கருவி மின்சாரம் தின்னும், அந்த வினையிலேயே கொஞ்சம் கரியமில வாயுவும் வெளியேறும். கார்பன் கணக்கில் நஷ்டம், பக்கத்தில் குடியிருப்பவருக்கு லாபம். எங்களைக் கேட்டால் கருவியைப் போடத்தான் சொல்வோம்.

ஆலைக்காரர்கள் கூட்டம் போட்டால், எந்தக் கொதிகலனில் எந்த எரிபொருள் எத்தனை டன் குறைந்தது என்று கேளுங்கள். காற்று உமிழ்வு உரிமத்தில் உள்ள வரம்புகளையும் காட்டச் சொல்லுங்கள். நுண்துகளுக்கு நாட்டின் ஆண்டுச் சராசரி வரம்பு கனமீட்டருக்கு 20 மைக்ரோகிராம், 2030 முதல் 15. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5.

லெனேசியா வாசகி: குளிர்காலத்தில் சாயங்காலமானால் வீடுகளில் மூட்டும் நிலக்கரியின் புகை தரையோடு நிற்கிறது. இப்போதைக்கு ஏதாவது வழி உண்டா?

காற்றில்லாத தெளிந்த இரவில் தரை சட்டென்று குளிர, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும். அதனால்தான் புகை ஏறுவதில்லை. கரி மூட்டுகிறவர்கள் 'பாசா ஞெங்கோ மகோகோ' முறையில் மேலிருந்து பற்றவைக்கலாம்: அடியில் கரி, அதன்மேல் காகிதம், அதன்மேல் சிராய், பற்றவைத்து, விறகு நன்றாகப் பிடித்தபின் மேலே ஒரு கைப்பிடி கரி. அடிக்கரியிலிருந்து கிளம்பும் புகை சுடருக்குள் நுழைந்து எரிந்துவிடும். தேவையான கரியை முதலிலேயே அடியில் போடுங்கள். அந்தக் கைப்பிடிக்கு மேல் நடுவில் கொட்டினால் பழையபடி புகையும். அடுப்பாக வைக்கும் தகர டப்பாவின் அடித்துளைகள் சாம்பலால் அடைபட்டாலும் அதே கதி. எரியும் கரியின் அளவு மாறாவிட்டால் கரியமில வாயு குறையாது, புகைதான் குறையும். கார்பன் மோனாக்சைடும் இருந்துகொண்டே இருக்கும்; புகை இல்லையே என்று அடுப்பைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

சாட்ஸ்வொர்த் வாசகர்: மின்சாரக் கார்?

உங்கள் தெருவில் எக்ஸாஸ்ட் புகை இருக்காது. பிரேக் தூசு குறையும், டயர் தூசு குறையாது. நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், இரவில் சார்ஜ் செய்தால் புகை அனல்மின் நிலையங்கள் உள்ள ம்புமலங்கா மாகாணத்துக்கு இடம் மாறுகிறது. கூரை சோலாரில் பகலில் சார்ஜ் செய்தால் அங்கும் புகை குறையும்.